ஆசந்தியில் விரித்த துணி

2024 மார்ச் 27, புதன்கிழமை. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய வாரத்துப் புதன். வழமைபோல விடியுமுன் எழும்பி, கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு முற்றம் கூட்டினேன். பெரிய வெள்ளியன்று எங்கள் ஊரில் யாரும் விளக்குமாறு தொடுவதில்லை. அதனால் புதனும் வியாழனும் எல்லா முற்றங்களும் கூடுதலாகவே கூட்டப்படும். என் கணவர் சவிரி தேத்தண்ணீர் குடித்தார். பாணையும் சம்பலையும் பொதி கட்டிக் கொடுத்தேன். அவரோடு வழமையாகக் கடலுக்குப் போகும், மருமகன் முறையான உறவுப் பையனுக்குக் காய்ச்சல். தனியே போகவேண்டாம் என்றேன்.

"நாளைக்குத் தொடங்கி மூண்டு நாள் கடல் இல்லை, பிலோமி. கிட்டக் கிடக்கிற வலையை மட்டும் இழுத்துக்கொண்டு பத்து மணிக்கு வந்திருவன். நீ துணியை அயன் பண்ணி வை" என்றார்.

அந்தத் துணியைப் பற்றி முதலில் சொல்லவேண்டும்.

எங்கள் ஊர் கற்பிட்டிக் குடாநாட்டில், கிழக்கே களப்பும் மேற்கே பெருங்கடலுமாக இருக்கிறது. எங்கள் கோவிலில் பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் அறைந்த ஆண்டவரின் சிலை, ஒன்று உண்டு. மரத்தால் செய்தது. தோள் இரண்டிலும் தோல் வைத்துத் தைத்திருப்பதால் கைகள் மடங்கும். பெரிய வெள்ளி பின்னேரம் வெள்ளை உடுத்த ஆண்கள் ஏணி வைத்து ஏறி, ஆணிகளைக் கழற்றி, சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்குவார்கள். இறக்கியதை ஆசந்தி என்கிற பாடையில் கிடத்தி, வெள்ளைத் துணியால் போர்த்தி, ஊரைச் சுற்றிக் கொண்டுபோவோம். அந்தத் துணியை வருடத்துக்கு ஒரு குடும்பம் கொடுக்கும். சனி இரவுப் பூசை முடிந்ததும் அது அந்தக் குடும்பத்துக்கே திரும்பி வரும். அதை அலுமாரியில் வைத்திருந்து, வீட்டில் யாராவது இறந்தால் அந்த உடலுக்குப் போர்த்துவார்கள். இது எங்கள் ஊர் வழக்கம். அந்த வருடம் முறை எங்களுக்கு வந்திருந்தது. புத்தளம் நகருக்குப் போய் நல்ல பருத்தித் துணியாகப் பார்த்து வாங்கி வந்தவர் சவிரிதான்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நான் பாடசாலைக் காரியாலயத்தில் எழுதுவினைஞர். வயது நாற்பத்தொன்பது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எதை எடுத்தாலும் ஏன், எப்படி என்று கேட்பது என் சுபாவம். சவிரியின் தங்கை திரேசா இதற்காக என்னைப் பகிடி பண்ணாத நாள் இல்லை. "மச்சாள் மோட்சத்துக்குப் போனாலும் உள்ள போகமாட்டா. வாசல்ல நிண்டு, இந்தத் திறப்பு எந்தக் கடையில செய்தது எண்டு இராயப்பரைக் கேட்டுக்கொண்டு நிப்பா" என்பாள். மோட்சத்தின் சாவி இராயப்பர் கையில் என்பது எங்கள் நம்பிக்கை.

நான் நெடுநாளாகக் கேட்டுவந்த கேள்வி ஒன்று உண்டு. பெரிய வியாழன் பூசையில் உன்னதப் பாட்டுக்குக் கோவில் மணி அடித்து ஓய்ந்தால், சனி இரவுப் பூசையில் அதே பாட்டு வரும்வரை மணி பேசாது. அதற்குப் பதிலாக ஒரு பலகையில் மரச் சுத்தியல் விழுகிற கைக்கருவி ஒன்றை ஆட்டுவார்கள். நாங்கள் அதைக் கட்டை என்போம். ஏன் மணியை நிறுத்துகிறோம்? நிறுத்தினால் பேசாமல் இருக்கலாமே, எதற்காகக் கட்டை? கோவில் வேலைகளைப் பார்க்கும் சங்கிலித்தாம் மனுவேல் அண்ணனிடம் கேட்டேன். "ஆண்டவர் செத்துக் கிடக்கேக்க மணியடிச்சுக் கொண்டாடச் சொல்லுறியே?" என்று ஏசினார். சுவாமியிடம் கேட்டேன். எங்கள் பங்குச் சுவாமி இளம் வயதுக்காரர், பொறுமையாகப் பதில் சொல்பவர். மணி மகிழ்ச்சியின் குரல், கட்டை சிலுவை மரத்தின் குரல் என்றார். சரிதான். ஆனால் மரத்தின் குரல் என்ன சொல்கிறது என்று அவர் சொல்லவில்லை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மணிக்கு எங்கள் ஊரில் இன்னொரு வேலையும் உண்டு. போட் ஒன்று காணாமல்போய்த் திரும்பக் கிடைத்தால் மணியை நிறுத்தாமல் அடிப்பார்கள். தேடிப் போனவர்களுக்கும் வீட்டில் காத்திருப்பவர்களுக்கும் அதுதான் செய்தி.

பத்து மணிக்குச் சவிரி வரவில்லை. துணியை அயன் பண்ணி முடித்தேன். மதியமும் வரவில்லை. தொலைபேசி எடுபடவில்லை. பின்னேரம் கடற்கரைக்குப் போனேன். கரையில் நின்ற ஆண்கள் என்னைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள்.

கடற்படைக்கும் அறிவித்தோம். எங்கள் ஊர்ப் போட்டுகள் வியாழன் முழுவதும் தேடின. அவர் வலை போட்ட இடத்தில் வலை மட்டும் கிடந்தது. அன்று பின்னேரம் ஒரு பாட்டம் மழை கொட்டியது. பாதம் கழுவும் சடங்குக்குப் பந்தல் போட்டவர்கள் அந்த மழையைத் திட்டித் தீர்த்தார்கள். நானும் மனதுக்குள் திட்டினேன். திறந்த போட்டில் ஒரு மனிதர் நனைகிறாரே என்றுதான் எனக்குத் தோன்றியது.

பூசையில் உன்னதப் பாட்டுக்கு மணி அடித்தது. பிறகு நின்றது. ஒவ்வொரு வருடமும் ஆவலோடு கேட்கும் அந்த நிசப்தம் தொடங்கியதும் இந்த முறை ஒன்றுதான் தோன்றியது. இனி அவர் கிடைத்தாலும் மணி அடிக்காதே! அப்படியானால் எனக்கு எப்படித் தெரியும்? மனுவேல் அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். எதையும் கேட்டுவிடும் நான் அதை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அவர் என்ன முகம் காட்டுவாரோ என்ற பயம்.

பெரிய வெள்ளியன்று எங்கள் ஆட்கள் கடலில் கால் நனைக்கமாட்டார்கள். போகலாமா கூடாதா என்று காலையில் கோவில் வாசலில் தயங்கி நின்றார்கள். சுவாமி வெளியே வந்தார்.

"தொலைஞ்ச ஒருத்தரைத் தேடிப் போறதுக்கு இதைவிட நல்ல நாள் எது? போங்கோ. சடங்குக்கு ஆள் குறைஞ்சா நானே ஏணியில ஏறுறன்" என்றார்.

போனார்கள். சடங்கு நேரத்துக்கு வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். ஈர உடுப்பை மாற்றி வெள்ளை உடுத்துக்கொண்டு ஏணியருகே வந்து நின்றார்கள். என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. "தண்ணி இல்லாமல் மூண்டாம் நாள்" என்று பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னது கேட்டது.

துணி கொடுக்கும் வீட்டார் சிலுவையின் அடியில் துணியை விரித்துப் பிடிக்கவேண்டும். கணவன் ஒரு முனை, மனைவி மறு முனை. சவிரி பிடிக்கவேண்டிய முனையைத் திரேசா பிடித்தாள். ஆணியைக் கழற்றியதும் சுரூபத்தின் வலக்கை சரிந்து விழுந்தது. வழமையாக, தோள் எப்படி மடங்குகிறது, தோலை எப்படித் தைத்திருக்கிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று அந்தக் கை விழுந்த விதத்தை மட்டும் பார்த்தேன். தூங்குகிற மனிதரின் கை கட்டிலிலிருந்து நழுவுவதைப் போலிருந்தது. சவிரி அப்படித்தான் தூங்குவார்.

அப்போது செபித்தேன். சத்தமாக அல்ல. "ஆண்டவரே, உம்மை உம்முடைய தாயின் மடியில் கிடத்தினார்கள். அவருக்கு அந்த ஆறுதலாவது கிடைத்தது. எனக்கும் அதைத் தாரும். உயிரோடு தாரும் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. உடலையாவது தாரும். இந்தத் துணியைப் போர்த்தி அடக்கம் பண்ணுகிறேன்."

அவ்வளவுதான் கேட்டேன். எண்ணிப் பார்த்து, அளந்து, கிடைக்கக்கூடியதை மட்டும் கேட்டேன்.

பெரிய சனி. பூசை இல்லாத நாள். பீடத்தில் விரிப்புக்கூட இல்லை. நற்கருணைப் பேழை திறந்தபடி வெறுமையாக இருக்கும். ஆண்கள் மீண்டும் புறப்பட ஆயத்தமானார்கள். இந்த முறை வடக்கே, மன்னார்க் கடல் பக்கமாகத் தூரம் போய்ப் பார்ப்பது என்று பேசிக்கொண்டார்கள். வானம் இருண்டு கிடந்தது. நான் கிணற்றடியில் வாளியோடு நின்றேன். திரேசா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அப்போது கட்டைச் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை காலையில் கட்டை தட்டும் வழக்கம் இல்லை. கூப்பிட எந்தச் சடங்கும் இல்லை. டக், டக், டக் என்று ஒழுங்கையால் அது நெருங்கி வந்தது. ஊர் முழுவதற்கும் ஒரே அர்த்தம்தான் தோன்றியது. கட்டை, ஆண்டவரின் மரணத்துக்குத் தட்டுவது. பக்கத்து வீட்டில் ஒருத்தி "ஐயோ, சவிரி அண்ணை!" என்று குரல் வைத்தாள். மற்ற வீடுகளிலிருந்தும் அழுகை எழும்பியது. திரேசா கையில் இருந்த சட்டியைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள்.

நான் அழவில்லை. 'கேட்டதைத் தந்துவிட்டார்' என்று நினைத்தேன். உடலைக் கேட்டேன், உடல் வந்துவிட்டது. அடுத்த கணம் என் நெஞ்சில் ஒன்று கத்தியது: ஏன் அதைக் கேட்டாய்? கேட்பதுதான் கேட்டாய், ஏன் அவரைக் கேட்கவில்லை? கட்டை வரும் பக்கம் போக என்னால் முடியவில்லை. எதிர்ப்பக்கமாக வெங்காயத் தோட்டத்துக்குள் ஓடினேன். பாத்தி வரம்பில் இடறி விழுந்து அங்கேயே இருந்துவிட்டேன்.

மனுவேல் அண்ணன் என்னைத் தேடிக்கொண்டு தோட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டார். அறுபது தாண்டிய மனிதர், வேர்த்து விறுவிறுத்து, கட்டையை ஆட்டியபடியே ஏதோ கத்தினார். வாய் அசைவது தெரிந்தது. சொல்வது ஒன்றும் கேட்கவில்லை.

பின்னால் ஓடி வந்த திரேசாதான் அவருடைய கையை எட்டிப் பிடித்தாள். "அண்ணே, முதல்ல அதை நிப்பாட்டுங்கோ! என்ன சொல்லுறியள்?"

"உயிரோட! உயிரோட எண்டுதானே ஒழுங்கைத் தலைப்பிலிருந்து கத்திக்கொண்டு வாறன்!"

"அப்ப ஏன் கட்டை தட்டினீங்கள்?"

"மணியடிக்க ஏலுமே? இண்டைக்குப் பெரிய சனி எல்லோ!"

திரேசா அவரை அடிக்கக் கை ஓங்கினாள். பிறகு அந்தக் கையாலேயே அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் மண்ணில் இருந்தபடியே சிரித்தேன். அழுகையும் சிரிப்பும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்பதை அன்று கண்டுகொண்டேன்.

நடந்தது இதுதான். வடக்கே உச்சமுனைப் பக்கம் மீன்பிடிக்கும் நயீம் நானா காலையில் அலையில் அசைந்துகொண்டிருந்த ஒரு போட்டைக் கண்டிருக்கிறார். உள்ளே ஒருவர் சுருண்டு கிடந்திருக்கிறார். போட்டின் முன்பக்கத்தில் ஓலைச் சிலுவை கட்டியிருந்தது. குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையில் செய்த சிலுவையை எங்கள் ஆட்கள் எல்லோருமே போட்டில் கட்டுவார்கள். அதைப் பார்த்ததும், இது வேதக்காரரின் போட் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் சுவாமியின் இலக்கம் அவருடைய தொலைபேசியில் இருந்தது. ஐந்து வருடங்களுக்கு முன் உயிர்த்த ஞாயிறன்று கோவில்களில் குண்டுகள் வெடித்த பிறகு, எங்கள் கோவிலும் அவர்களுடைய பள்ளிவாசலும் சேர்ந்து ஒரு சமாதானக் குழு வைத்தன. பள்ளிவாசல் சார்பில் வந்தவர் நயீம் நானா. அந்தக் குழு இரண்டொரு முறைதான் கூடியது, பிஸ்கட் சாப்பிட்டுக் கலைந்தது என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். ஆனால் இலக்கம் இருந்தது. அதைத்தான் அவர் அழைத்தார்.

சுவாமி உடனே மணியை அடிக்கச் சொல்லியிருக்கிறார். மனுவேல் அண்ணன் மறுத்துவிட்டு, கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். புறப்பட இருந்த போட்டுகள் அந்தச் சத்தம் கேட்டுக் கரையிலேயே நின்றன. அந்த அளவில் கட்டை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் நயீம் நானா நின்றார். அவரை அதற்குமுன் நான் நேரில் கண்டதில்லை.

"தங்கச்சி, அழ வேணாம். மாப்பிள நல்லா இரிக்காரு. சேலைன் ஏத்துறாங்க" என்றார். அவருடைய உதடுகளும் வறண்டிருந்தன. அது நோன்பு மாதம்.

எனக்குள் இருக்கும் கேள்விக்காரி அந்த நேரத்திலும் விடவில்லை. "நானா, நீங்கள் நோன்பு. உங்கட போட்டில தண்ணி எப்பிடி இருந்தது?"

"கடலுக்குப் போற போட்டுல நோம்புலயும் தண்ணி இரிக்கும் தங்கச்சி. நமக்கு வேணாம். இன்னொருத்தருக்குத் தேவைப்படும்தானே" என்றார்.

ஒரு துணித்துண்டை நனைத்துச் சவிரியின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழிந்துவிட்டதாகவும், அந்த ஈரக் கையைத் தன் முகத்தில்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை என்றும் அவரோடு போட்டில் வந்தவர் சொன்னார். அன்று எங்களுக்கும் ஒருசந்தி. பட்டினியாக இருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சவிரி கண்கள் குழிந்து, தோல் உரிந்து கிடந்தார். என்ஜின் நின்றுவிட்டதாம். நங்கூரக் கயிறு அறுந்ததாம். நீரோட்டம் வெளியே இழுத்துப் போய், பிறகு காற்று மாறி வடக்கே தள்ளியதாம். குடிக்கத் தண்ணீர் கொடுத்தது எது தெரியுமா? வியாழன் பின்னேரத்து மழை. பொலித்தீன் விரிப்பில் அதைப் பிடித்து வைத்துக் குடித்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் திட்டித் தீர்த்த அதே மழை.

"நீ எனக்காக மண்டாடினியே?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். எதைக் கேட்டேன் என்று சொல்லவில்லை.

அன்று இரவு ஊரில் பாஸ்காப் பூசைக்குப் போனேன். வாசலில் புதுநெருப்பு மூட்டி, பாஸ்காத் திரி ஏற்றி, இருண்ட கோவிலுக்குள் நுழைந்தோம். உன்னதப் பாட்டு வந்தது. மனுவேல் அண்ணன் கயிற்றில் தொங்கி மணியை அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்தும் நிறுத்தவில்லை. காலையில் அடிக்காமல் விட்டதையும் சேர்த்துத்தான் அடிக்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. சுவாமியும் காத்துக்கொண்டு நின்றார்.

என் கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது என்று நினைக்கிறேன். முதல் உயிர்த்த ஞாயிறன்று கல்லறைக்குப் போன பெண்களை எண்ணினேன். வாசனைத் திரவியத்தோடு போனார்கள். அவர்கள் தேடிப் போனதும் ஓர் உடலைத்தான். அதற்கு மேல் ஆசைப்பட அவர்களுக்கும் துணிவிருக்கவில்லை. செத்தவருக்கு ஆயத்தம் பண்ணிக்கொண்டு போனவர்களிடம்தான் அவர் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி முதலில் வந்தது. மரத்தின் குரலும் அப்படித்தான் போலிருக்கிறது. தூரத்தில் கேட்கும்போது சாவு. கிட்ட வந்து, கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டால், உயிர். நானோ அது கிட்ட வருமுன்னே ஓடிவிட்டேன். நல்லவேளை, அது என்னைத் தேடிக்கொண்டு வந்தது.

சிலர் இதை 'மூன்றாம் நாள் திரும்பி வந்தார்' என்று சொல்லிப் பரப்புகிறார்கள். எழுதும்போது சரியாக எழுதவேண்டும். புதன் போய்ச் சனி வந்தார், நாலாம் நாள். அழகுக்காகக் கணக்கை மாற்றத் தேவையில்லை. நடந்ததே போதும்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. எங்கள் ஊரில் கணவன் திரும்பி வராத பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் என்னைவிடக் குறைவாகச் செபித்தவர்கள் அல்ல. ஏன் எனக்கு மட்டும் என்று கேட்கிறேன், பதில் தெரியவில்லை. மோட்ச வாசலில் திறப்பைப் பற்றிக் கேட்பதற்குமுன் இதைத்தான் கேட்பேன். அதுவரை, ஞாயிறு பூசை முடிந்ததும் அவர்களில் ஒருவர் வீட்டுக்காவது போய் இருந்துவிட்டு வருகிறேன். அந்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு நயீம் நானா வீட்டுக்கும் போனோம். மனுவேல் அண்ணனும் வந்தார். "அடுத்தமுறை முதல்ல சொல்லிப்போட்டுப் பிறகு தட்டுறன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

இதை வாசிக்கும் சகோதரரே, சகோதரியே, உங்கள் வீட்டிலும் யாருக்காவது துணி ஆயத்தமாக இருக்கலாம். வைத்தியர் கைவிட்டிருக்கலாம், ஊர் முகத்தைத் திருப்பியிருக்கலாம். கிடைக்கக்கூடியதை அளந்து நீங்களும் சிறிதாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நான் அப்படிக் கேட்டவள். என் அளவை அவர் பார்க்கவில்லை. உங்கள் மனதில் இருப்பதை முழுதாகக் கேளுங்கள். தருவதும் தராததும் அவர் பொறுப்பு. கேட்பதில் நாம் கஞ்சத்தனம் பண்ணவேண்டாம்.

மார்ச் 31, உயிர்த்த ஞாயிறு. முதல் பஸ்ஸில் நானும் திரேசாவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டில் விரிப்புக் குறைவு, வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். முந்தின இரவுப் பூசை முடிந்ததும் மனுவேல் அண்ணன் மடித்துத் தந்த வெள்ளைத் துணியைப் பையிலிருந்து எடுத்தேன்.

திரேசா கையைப் பிடித்தாள். "மச்சாள், இது ஆசந்தித் துணி எல்லோ? செத்தவைக்குப் போர்த்துறது!"

சவிரியும் கண் திறந்து பார்த்தார். அவர் வாங்கிய துணி, அவருக்குத் தெரியாதா? "என்ன பிலோமி, என்னை அனுப்பிற அவசரமே?"

"இதில கிடந்தவர் எழும்பிட்டார். நீங்களும் எழும்பிற மட்டும் இதில படுங்கோ" என்றேன். "வெள்ளிக்கிழமை இதைப் பிடிச்சுக்கொண்டு நிண்டுதான் உங்களைக் கேட்டனான். எப்பிடிக் கேட்டனான் எண்டு இப்ப சொல்லுறன். கொஞ்சம் அரக்கிப் படுங்கோ."

அவர் மெல்ல ஒரு பக்கமாக அரக்கினார். திரேசா ஒரு முனையைப் பிடித்தாள், நான் மறு முனையைப் பிடித்தேன். துணியை விரித்து, நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகினேன்.